நாகேஸ்வரி நடந்த கோடு

என் மனைவி நாகேஸ்வரிக்கு மூளை ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்ப்பதற்காகப் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு வரைபடம், ஒரு திசைகாட்டி, நடக்கிற வழியைப் பதிகிற ஒரு கறுப்புக் கைக்கடிகாரம் ஆகிய மூன்றையும் தந்தார்கள். எனக்கும் அதே மூன்றும் கிடைத்தன. என் மூளையை யாரும் சந்தேகிக்கவில்லை. துணைக்குப் போனவன் என்பதால் கிடைத்தவை அவை.

எல்லாவற்றுக்கும் காரணம் பெப்ரவரி மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை. செவ்வாய் தோறும் நாகேஸ்வரி வெள்ளவத்தையில் 155ஆம் இலக்க பஸ் பிடித்துக் கொட்டாஞ்சேனைக்குப் போவாள். அங்கே ஸீனத் இருக்கிறார். இருவரும் புதுக்கடை நீதிமன்றத்தடியில் ஒரே சட்டத்தரணியிடம் முப்பத்தொரு வருடம் தட்டச்சு செய்தவர்கள். கிழமைக்கு ஒருநாள் கூடி, செத்துப்போன அந்தச் சட்டத்தரணியைத் திட்டாவிட்டால் இருவருக்கும் சோறு இறங்காது. அன்று மூன்று மணிக்குத் திரும்ப வேண்டியவள் ஆறரைக்கு வந்தாள். பம்பலப்பிட்டிக்கு அந்தப் பக்கத்திலிருந்து நடந்தே வந்திருந்தாள். கால் இரண்டும் வீங்கியிருந்தன.

"பஸ்ஸாலை இறக்கிப்போட்டாங்கள்," என்றாள்.

பஸ் பழுதாகியிருக்கும் என்று நான் நினைத்தேன். பின்னால் வேறு பஸ் வரவில்லையா என்று மகள் யதுஷா கேட்டாள். நாகேஸ்வரி அரிசி கழுவப் போய்விட்டாள். போன மாதம் அடுப்பில் வைத்த பாலை மறந்தது, அதற்கு முதல் பக்கத்து வீட்டுப் பெண்ணை வேறு பெயர் சொல்லிக் கூப்பிட்டது எல்லாவற்றையும் யதுஷா கூட்டிப் பார்த்தாள்.

"இனி அம்மா தனிய வெளியில போறேல்லை," என்று தீர்ப்புச் சொன்னாள். அவளுக்கு முப்பத்தொரு வயது. கலியாணம் கட்டவில்லை. எங்களோடுதான் இருக்கிறாள். கொள்ளுப்பிட்டியில் ஒரு வங்கியில் கடன் விண்ணப்பங்களை நிராகரிக்கிற வேலை. குரல் அதற்கென்றே பழகிவிட்டது.

நாகேஸ்வரி சண்டை போடவில்லை. ஒன்பது நாள் சாப்பாடு சம்பந்தமான சொற்களை மட்டும் பேசினாள். "உப்பு காணுமோ?" "இன்னும் போடட்டோ?" பத்தாம் நாள் என்னிடம் வந்து நின்று, "செவ்வாய்க்கிழமையையும் எடுத்துப்போட்டா எனக்கு மிச்சம் என்ன கிடக்கு?" என்று கேட்டாள். நான் இருக்கிறேனே என்று சொல்ல வாயெடுத்தேன். அது பதிலாகாது என்று எனக்கே தெரிந்ததால் விட்டுவிட்டேன்.

இந்த நிலைமையில்தான் யதுஷா அந்த ஆய்வைப் பற்றி எங்கிருந்தோ அறிந்து வந்தாள். அறுபது வயதுக்கு மேற்பட்டவர்களை வரைபடத்தோடு நடக்கவிட்டு மூளையைப் பார்க்கிறார்களாம். எட்டுச் சனிக்கிழமை. கடைசிக் கிழமை ஆளுக்காள் தனியாக நடக்க வேண்டும். முடிவு நன்றாக வந்தால் அம்மா செவ்வாய்க்கிழமை கொட்டாஞ்சேனைக்குப் போகலாம், வராவிட்டால் அந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது. இதுதான் ஒப்பந்தம். நாகேஸ்வரி உடனே ஓம் என்றாள். அவளுக்கு அவ்வளவு நம்பிக்கை. எனக்கு அது இருக்கவில்லை.

ஆய்வை நடத்தியவள் நிம்றா என்று ஒரு தெஹிவளைப் பிள்ளை. இருபத்தொன்பது வயது இருக்கும். ஓரியன்டீரிங் என்பது குளிர் நாடுகளில் காட்டுக்குள் விளையாடுகிற விளையாட்டு என்று விளக்கினாள். வரைபடத்தைப் பார்த்து, நிற்கிற இடம் எதுவென்று கண்டுபிடித்து, கொடி கட்டிய இடங்களை ஒன்றன்பின் ஒன்றாகத் தேடிப் போய், வந்ததற்கு அடையாளமாக ஒவ்வொன்றிலும் ஓர் அட்டையில் துளை போட வேண்டும். வழி தேடும்போது மூளையில் ஒரு பகுதி வேலை செய்யுமாம். மறதி நோய் முதலில் கை வைப்பதும் அந்தப் பகுதியில்தானாம். ஆகவே நடந்தால் எங்களுக்குப் பயிற்சி, அவர்களுக்குப் பரிசோதனை. கொழும்பில் காடு இல்லாததால் வெள்ளவத்தையை எடுத்திருந்தார்கள்.

"ஒரே ஒரு ரூல்தான் அங்கிள்," என்றாள் நிம்றா. "ஒருத்தர்ட்டயும் வழி கேக்க ஏலா."

எனக்குத் தெரிந்த வரையில் வெள்ளவத்தையில் யாரிடமும் கேட்காமல் யாரும் எங்கும் போய்ச் சேர்ந்ததில்லை. தன் வீட்டுக்குப் போகிறவனே சந்திக் கடையில் ஒரு தரம் கேட்டுவிட்டுத்தான் போவான். ஆனால் எனக்கு அந்தக் கவலை இருக்கவில்லை. தபால் திணைக்களத்தில் கடிதம் பிரிக்கும் பகுதியில் முப்பத்துநான்கு வருடம் இருந்தவன் நான். வெள்ளவத்தை ஒழுங்கைகள் அத்தனையும் எனக்கு மனப்பாடம். கடிதம் பிரித்துப் போடுகிற ஒரு மர அலுமாரியில், மேலிருந்து கீழாக, நான்கு வரிசையில் இருந்தன. வெளியில் அவை அந்த ஒழுங்கில் இல்லை என்பது முதலாவது சனிக்கிழமைதான் தெரியவந்தது.

நாகேஸ்வரி முன்னால் போய்விட, நான் ஒரு சந்தியில் வரைபடத்தை விரித்துக்கொண்டு நின்றேன். இரண்டு நிமிடத்தில் மூன்று பேர் உதவிக்கு வந்துவிட்டார்கள். கீரை விற்கிறவர் ஒருவர், வீதி கூட்டுகிற பெண்மணி ஒருவர், ஒரு ஓட்டோக்காரர். கேட்கக் கூடாது என்றுதான் நிம்றா சொன்னாள், அவர்கள் வந்து சொன்னால் என்ன செய்வது என்று சொல்லவில்லை. எனக்கு உதவி வேண்டாம் என்றேன். அதைக் கேட்டு அவர்களுக்கு இரக்கம் கூடியது. ஓட்டோக்காரர் என் கையைப் பிடித்து ஏற்றி, வீட்டு வாசலில் கொண்டுவந்து இறக்கி, "அங்கள்ட்ட பார அமத்தக்க வெலா" என்று யதுஷாவிடம் சிங்களத்தில் ஒப்படைத்தார். மாமாவுக்கு வழி மறந்துவிட்டதாம். யதுஷா என்னைப் பார்த்த பார்வை எனக்குப் பிடிக்கவில்லை. அன்றிலிருந்து வீட்டில் வல்லாரைச் சம்பல் இரண்டு பேருக்கும் வந்தது.

கொடிகளுக்கும் கஷ்டகாலம்தான். ஒரு கொடியை அரச மரத்தில் கட்டியிருந்தார்கள். இரண்டாம் கிழமை அதில் குங்குமம் இருந்தது. மூன்றாம் கிழமை ஒரு செவ்வரத்தம் பூவும் கீழே ஒரு தேங்காயெண்ணெய் விளக்கும். வெள்ளைச் சேலை கட்டிய சிங்கள அம்மா ஒருவர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டுக்கொண்டிருந்தார். அந்தச் சூழ்நிலையில் செருப்போடு போய் அட்டையில் துளை போட எனக்கு மனம் வரவில்லை. நானும் கழற்றினேன். இன்னொரு கொடியை மீரா சாஹிப்பின் இரும்புக் கடைக்கு முன்னால் மின்கம்பத்தில் கட்டினார்கள். யாராவது களவெடுத்துவிடுவார்கள் என்று அவர் அதை அவிழ்த்துக் கடைக்குள் பத்திரப்படுத்திவிட்டார். வரைபடத்தோடு யார் வந்தாலும், "இஞ்ச வாங்க, கொடி உள்ளுக்கு ஈக்கு," என்று கூப்பிட்டு இருத்திப் பிளேன் டீயும் கொடுத்தார். இதைக் கண்டிக்க வந்த நிம்றாவும் டீ குடித்துவிட்டுத்தான் போனாள்.

நாகேஸ்வரி இந்தக் கூத்து எதிலும் சேரவில்லை. வரைபடத்தை ஒருமுறை மேலிருந்து கீழாக வாசிப்பாள், கைப்பிரதியைத் தட்டச்சுக்கு எடுக்கிற மாதிரி. பிறகு மடித்துப் பையில் வைத்துவிட்டு நடப்பாள். திசைகாட்டியை முதல் நாளே என்னிடம் தந்துவிட்டாள். "கடல் அந்தப் பக்கம் கிடக்கு. இதுக்கு என்னத்துக்கு ஒரு ஊசி?" என்றாள். ஏழு கிழமையும் நாங்கள் சேர்ந்து நடந்தது காலி வீதிக்குத் தரைப் பக்கமாக இருந்த ஒழுங்கைகளில். அவள் முன்னால் போனாள். நான் இரண்டு திசைகாட்டிகளையும் சுமந்துகொண்டு பின்னால் போனேன். வழியெல்லாம் கதைத்தாள், சிரித்தாள். ஏழாம் கிழமை முடிந்து ஐஸ்கிறீம் சாப்பிட்டோம். இந்த மனுசிக்கா மறதி என்று எனக்கு யதுஷா மேல் கோபமே வந்தது.

எட்டாம் சனிக்கிழமை தனி நடை. இந்தத் தடவை வரைபடம் பெரியது. கால்வாய்ப் பாலத்தில் தொடங்கி, காலி வீதியின் இரண்டு பக்கமும் மாறி மாறி, கடற்கரை வரைக்கும் பத்துக் கொடி. நான் ஐம்பத்தெட்டு நிமிடத்தில் ஏழு கொடியோடு வந்து சேர்ந்தேன். நல்ல பெறுபேறு என்று நிம்றா சொன்னாள். வயதுக்கு ஏற்ற பெறுபேறு என்றுதான் சொன்னாள், நான் முன்பகுதியை விட்டுவிடுகிறேன்.

நாகேஸ்வரி வரவில்லை. ஒரு மணித்தியாலம் ஆயிற்று. ஒன்றேகால் ஆயிற்று. மற்ற எல்லாரும் வந்து பிஸ்கட் சாப்பிட்டு வீட்டுக்கும் போய்விட்டார்கள். நான் எழுந்து வீதிக்குப் போய்ப் போய் வந்தேன். நிம்றா கணினியில் ஒரு புள்ளியைக் காட்டி, "ஆன்ட்டி நடந்துகொண்டுதான் ஈக்கிறாங்க அங்கிள், பயப்படாதீங்க," என்றாள். பயந்தேன். ஒரு மணி ஐம்பத்திரண்டு நிமிடத்தில் அவள் வந்தாள். அட்டையில் பத்துத் துளையும் இருந்தன. சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு தண்ணீர் கேட்டாள்.

"ஏன் ஆன்ட்டி இவ்வளவு சுத்து?" என்று நிம்றா கேட்டாள்.

"அப்பிடித்தான் போகவேணும்," என்றாள் நாகேஸ்வரி.

அடுத்த சனிக்கிழமை முடிவு சொல்வதற்கு எங்கள் மூவரையும் நிம்றா தன் அறைக்குக் கூப்பிட்டாள். நாகேஸ்வரியை அடுத்த அறையில் தேனுஜன் என்ற உதவியாளனிடம் எழுத்துப் பரிசோதனைக்கு விட்டார்கள். அது நன்றாகவே போனது என்று பிறகு அறிந்தேன். ஐந்து சொல்லைச் சொல்லி, பத்து நிமிடத்தால் திருப்பிச் சொல்லச் சொன்னானாம். சொன்னாளாம், அவன் எழுதி வைத்திருந்ததில் ஓர் எழுத்துப் பிழையையும் காட்டினாளாம். இன்றைக்கு என்ன திகதி, என்ன வருடம் என்று கேட்டானாம். அவனுடைய முதுகுக்குப் பின்னால் சுவரில் பெரிய கலண்டர் ஒன்று தொங்கியது.

இந்த அறையில் நிம்றா ஒரு தாளை மேசையில் விரித்தாள். நாகேஸ்வரியின் கைக்கடிகாரம் வரைந்து கொடுத்த கோடு. சிவப்பு நிறத்தில், வெள்ளவத்தைக்கு மேல்.

"ஆன்ட்டி பத்துக் கொடியையும் எடுத்திட்டாங்க. அது பெரிய விஷயம். ஆனா இதப் பாருங்க," என்றாள். கோடு நேராகப் போய்க்கொண்டிருந்து, ஒரு சந்திக்குக் கொஞ்சம் முன்னால் நின்று, திரும்பி, பின் ஒழுங்கைகளால் பெரிய வட்டம் அடித்து, சந்திக்கு அந்தப் பக்கத்தில் போய் ஏறியது. அப்படி நாலு இடம். "இத நாங்க வழி தவறுறது என்டுதான் எடுக்கிற. நாலு தரம். சொறி அங்கிள். தனிய அனுப்புறது சேஃப் இல்ல என்டுதான் நான் எழுத வேண்டி வரும்."

யதுஷா தலையை ஆட்டினாள். அவளுக்குச் சந்தோஷமில்லை, ஆனால் எதிர்பார்த்திருந்தாள். செவ்வாய்க்கிழமை போய்விட்டது, இதை நாகேஸ்வரியிடம் யார் சொல்வது என்று யோசித்துக்கொண்டே அந்தத் தாளைப் பார்த்தேன். கால்வாய்ப் பாலம். தியேட்டர் சந்தி. ஸ்டேஷனுக்கு இறங்குகிற மூலை. சந்தைப் பக்கம். இன்னொரு தரம் பார்த்தேன். பிறகு எழுந்துவிட்டேன்.

"பிள்ளை, இந்த நாலு இடத்திலையும் என்ன இருந்தது தெரியுமோ?"

"என்ன அங்கிள்?"

"செக் பொயின்ற்."

நிம்றா விழித்தாள். நான் அவளுக்குச் சொன்னேன். மண்மூட்டை, தகரப் பீப்பா, துவக்கோடு ஆமிக்காரர். அடையாள அட்டையை நீட்ட வேண்டும். எங்கே பிறந்தாய், கொழும்பில் ஏன் நிற்கிறாய், எத்தனை நாளாக நிற்கிறாய் என்று கேட்பார்கள். அட்டையில் இருக்கிற பெயரைப் பார்த்துவிட்டு ஓரமாக நிற்கச் சொல்வார்கள். நாங்கள் ஓரமாக நின்ற நேரத்தை எல்லாம் சேர்த்தால் ஒரு சம்பள உயர்வுக்குத் தேவையான சேவைக்காலம் வரும். ஆகவே சந்தி கண்ணில் படுவதற்கு முன்பே ஒழுங்கைக்குள் இறங்கிவிடக் கால் பழகியது. யுத்தம் முடிந்து பதினைந்து வருடம் ஆகிவிட்டது. மூட்டைகளை எடுத்துக்கொண்டு போனார்கள். கால்களுக்கு ஒருவரும் அறிவிக்கவில்லை.

"இவ மறந்து சுத்தேல்லை," என்றேன். என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. "நாலு இடத்தையும் ஒண்டு விடாமல் ஞாபகம் வைச்சிருக்கிறா. இதை மறதி எண்டு எழுதப் போறியளோ?"

யதுஷா தாளைத் தன் பக்கம் இழுத்தாள். தியேட்டர் சந்தியில் விரலை வைத்தாள்.

"இதில எங்கட ஸ்கூல் வானை மறிச்சு எல்லாரையும் இறக்குவாங்கள்," என்றாள். வங்கிக் குரல் போய்விட்டது. "அதுக்காகவே அம்மா வானை நிப்பாட்டிப்போட்டு, புதுக்கடையில இருந்து லீவு போட்டிட்டு வந்து, ரெண்டு மணிக்கு கேற்றில நிப்பா. ஒழுங்கையால கூட்டிக்கொண்டு வருவா. அப்ப எனக்குப் பதின்நாலு வயசு. ஃப்ரெண்ட்ஸுக்கு முன்னால வெக்கமா இருக்கெண்டு அம்மாவோட சண்டை பிடிப்பன்." அழுதாள். நான் அவளுடைய தோளைத் தட்டினேன். வென்றுகொண்டிருக்கிறவனுக்கு வருகிற பெருந்தன்மை எனக்கு வந்திருந்தது.

நிம்றா கணினியைத் திறந்து மற்றவர்களுடைய கோடுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள். இருபத்தாறு பேரில் ஒன்பது பேர் பாலத்தடியில் வளைந்திருந்தார்கள். ஒன்பது பேரின் பெயரையும் வாசித்தாள். ஒன்பதும் தமிழ்ப் பெயர்.

"அங்கிள், ஒங்கட கோடும் இதில வளஞ்சிதான் ஈக்கு," என்றாள்.

பார்த்தேன். பாலம் வரும்போது நான் மற்றப் பக்க நடைபாதைக்கு மாறியிருக்கிறேன். மாறியது எனக்கு நினைவே இல்லை. அது எனக்கு அவமானமாக இருக்கவில்லை, பெருமையாகத்தான் இருந்தது. என் கட்சிக்கு இன்னொரு சாட்சி.

"இத நாங்க யோசிக்கவே இல்ல," என்றாள் நிம்றா. "நான் சின்னப் புள்ள அப்ப. வேன்ல போகக்குள்ள மூட்டைகள் பாத்த ஞாபகம் மட்டும்தான் ஈக்கு." சுற்றிப் போன நேரத்தைக் கழித்துவிட்டுத் திரும்பக் கணக்கிட்டாள். நாகேஸ்வரியின் நேரம் என்னுடையதை விடக் குறைவாக வந்தது. தனியாகப் போய்வருவதற்குத் தடையில்லை என்று கையெழுத்து வைத்தாள். எங்கள் பயத்துக்கு ஆய்வறிக்கையில் தனியாக ஓர் அத்தியாயம் எழுதப் போவதாகவும் சொன்னாள்.

வழக்குக்கு உரியவள் சுவருக்கு அந்தப் பக்கத்தில் இருந்தாள். அவளைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று எங்கள் மூன்று பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை நாகேஸ்வரி நீலச் சேலை உடுத்தாள். ஸீனத்துக்கு மாங்காய் ஊறுகாய் ஒரு போத்தல் கட்டினாள். பஸ் தரிப்பிடம் வரைக்கும் நானும் வருகிறேன் என்றேன். வெற்றியை வழியனுப்பி வைக்கிற ஆசை, வேறொன்றும் இல்லை. எங்கள் ஒழுங்கையால் காலி வீதியை நோக்கி நடந்தோம். சந்திக்கு முப்பது அடி இருக்கும்போது அவள் நின்றாள். என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"துண்டு கொண்டு வந்தனீங்களோ?"

"என்ன துண்டு?"

"என்னப்பா கேள்வி இது? பொலிஸ் பதிவுத் துண்டு." கைப்பையைத் திறந்து, பிளாஸ்டிக் உறைக்குள் மடித்த ஒரு தாளை எடுத்தாள். வீட்டில் யார் யார் இருக்கிறோம் என்று பொலிஸில் பதிந்த படிவத்தின் பிரதி. இதெல்லாம் இன்னும் வீட்டில் இருக்கிறதென்று எனக்குத் தெரியாது. என் பெயர், அவள் பெயர், யதுஷாவின் பெயர். யதுஷாவுக்கு நேரே வயது பதினான்கு என்று இருந்தது. "என்னட்டை இருக்கு. ஆனா உங்களை மறிச்சாங்களெண்டா நேரம் போயிடும். ஸீனத் வீட்டாலை வெள்ளனத் திரும்பவேணும். ரெண்டு மணிக்குப் பிள்ளை கேற்றிலை நிப்பாள். பின் ஒழுங்கையாலை வாங்கோ."

சந்தியைப் பார்த்தேன். ஒரு ஜூஸ் கடை இருந்தது. இரண்டு பள்ளிக்கூடப் பெடியன்கள் ஸ்ட்ரோவால் உறிஞ்சிக்கொண்டு நின்றார்கள். அவள் அதைப் பார்க்கவில்லை. வேறெதையோ பார்த்தாள். அவளுடைய முகத்தில் இருந்தது பழக்கம் இல்லை, பயம். பெப்ரவரியில் பஸ்ஸால் இறக்கிவிட்டார்கள் என்று அவள் சொன்னது பழுதான பஸ்ஸைப் பற்றி அல்ல என்று அப்போது எனக்கு விளங்கியது. இறக்கி, வரிசையில் விட்டு, அட்டை பார்ப்பார்களே, அதைத்தான் சொல்லியிருக்கிறாள்.

மூன்று நாளுக்கு முன்னால் எழுந்து நின்று வழக்குப் பேசி வென்றவன் நான். நிம்றா சரியாகச் சொல்லியிருந்தாள், யதுஷா சரியாகச் சொல்லியிருந்தாள். என் கோடுதான் பழக்கம். இவளுடைய கோடு அது இல்லை. இரண்டும் தாளில் ஒரே மாதிரி வளைந்திருந்தன, அவ்வளவுதான். இவளைத் தனியாகப் பஸ் ஏற்றிவிட்டுக் கையசைத்திருப்பேன்.

அங்கே ஒன்றும் இல்லை நாகேஸ், எல்லாம் முடிந்துவிட்டது, வா நேரே போவோம் என்று சொல்லலாமா என்று யோசித்தேன். அவள் என் மணிக்கட்டை விடவில்லை.

"சரி," என்றேன். "பின்னாலை போவம்."

நாற்பது எட்டு வைத்தால் போய்ச் சேர்கிற இடத்துக்கு நாலு ஒழுங்கை சுற்றினோம். அவள் முன்னால் போனாள். ஒரு மதிலோரம் வந்ததும் மெதுவாக நடக்கச் சொன்னாள். ஒரு வீட்டைக் கடக்கும்போது மேலே பார்க்க வேண்டாம் என்றாள். எந்த இடத்திலும் அவள் தடுமாறவில்லை. நான் அடையாள அட்டையை எடுத்துச் சட்டைப்பையில், கைக்கு எட்டுகிற மாதிரி, வைத்துக்கொண்டேன். அவள் அதைக் கவனித்தாள். அது நல்லது என்கிற மாதிரித் தலையாட்டினாள்.

பஸ் தரிப்பிடத்துக்கு வந்ததும் அவளுக்கு மூச்சு ஆறியது. ஊறுகாய்ப் போத்தல் சரிந்திருக்கிறதா என்று பையைத் திறந்து பார்த்தாள். நான் போனை எடுத்தேன். யதுஷாவிடம் சொல்லத்தான் வேண்டும். எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை.

"ஆருக்கு எடுக்கிறியள்?"

"யதுஷாவுக்கு."

"ஸ்கூல் நேரத்திலை அவளை ஆர் போனுக்குக் கூப்பிடுவினம்?" என்றாள் நாகேஸ்வரி. "உங்களுக்கு இப்ப ஒண்டும் ஞாபகம் நிக்கிறேல்லை."

போனைப் பைக்குள் வைத்தேன். பின்னேரம் அவள் வங்கியிலிருந்து வந்ததும் சொல்லலாம்.

"ஓம்," என்றேன். "மறந்திட்டன்."

அவள் என்னை உற்றுப் பார்த்தாள். பெப்ரவரியிலிருந்து நான் அவளைப் பார்த்துக்கொண்டிருக்கிற அதே பார்வை. எப்படி இருக்கும் என்று இவ்வளவு நாளும் எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

"பயப்படாதேங்கோ," என்றாள். "இனி நான் இல்லாமல் ஒரு இடமும் வெளிக்கிடாதேங்கோ. நான் கூட்டிக்கொண்டு போறன்."

155 வந்தது. அவள் என்னைக் கைபிடித்து ஏற்றினாள். நான் கொட்டாஞ்சேனைக்கு இரண்டு டிக்கெட் எடுத்தேன்.